‘முன்னாள்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள்?

பதவி போனவரை எந்த அடைமொழியால் குறிப்பது என்ற வழக்கு ஆங்கிலத்தில் நெடுநாளாக நடக்கிறது. ஹென்றி வாட்சன் ஃபௌலர் 1926இல் வெளியிட்ட வழக்கு அகராதியில் ‘லேட்’, ‘எர்ஸ்ட்வைல்’, ‘எக்ஸ்’, ‘ஃபார்மர்’, ‘குவொண்டம்’, ‘சம்டைம்’, ‘வைலம்’ என்ற ஏழையும் ஒரே பதிவில் நிறுத்தி விசாரித்தார். கைவசம் இவ்வளவு இருந்தும் காரியத்துக்கு உதவுவது குறைவு என்பதே அவருடைய தீர்ப்பு. அந்த ஏழோடு ‘ப்ரீவியஸ்’, ‘ப்ரையர்’, ‘பாஸ்ட்’, ‘ஒன்டைம்’, ‘ஓல்டு’, ‘எமெரிட்டஸ்’ ஆகியவற்றையும் சேர்த்தால் வரிசை ஏறக்குறைய இரட்டிக்கிறது. (‘ஃபார்மர்’ என்று தமிழில் எழுதினால் உழவரும் உள்ளே வந்துவிடுகிறார்; இங்கே அவருக்கு வேலையில்லை.)

கேள்வி இரண்டு கிளைகளாகப் பிரியும். ஒன்று, இச்சொற்கள் ஒரே பொருளைத்தான் வெவ்வேறு உடுப்பில் சொல்கின்றனவா? மற்றொன்று, ‘முன்பு அப்படி இருந்தது, இப்போது இல்லை’ என்று ஒரு பெயர்ச்சொல்லின் முன் நின்று சொல்லும் சொல், இலக்கணத்தில் எவ்வகையைச் சேர்ந்தது? முதல் கேள்விக்கு நடை வல்லுநர்களும் அகராதிக்காரர்களும் விடை தந்தார்கள். இரண்டாவதைத் தர்க்கவியலாளர்களும் மொழியியலாளர்களும் 1970க்குப் பிறகு எடுத்துக்கொண்டார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இந்த விவாதத்தின் பெரிய குறை அதுவே என்று தோன்றுகிறது.

சொற்கள் வந்த வழி

‘ஃபார்மர்’ பழைய ஆங்கிலத்தின் ‘ஃபோர்மா’ என்ற சொல்லின் வழிவந்தது. அதன் பொருள் ‘முதலாவது’. ‘மிக முன்னணியிலுள்ள’ என்று பொருள்படும் ‘ஃபோர்மோஸ்ட்’ அதன் உடன்பிறப்பு. ‘முதலாவது’ என்ற உச்சநிலைச் சொல்லின் மேல் ஒப்புநிலை விகுதி ஏறியதால், ‘இரண்டில் முந்தியது’ என்ற பொருள் அதற்குக் கிடைத்தது. எழுத்தில் இரண்டு பொருள்களைச் சொல்லிவிட்டு முன்னதைச் சுட்ட ‘ஃபார்மர்’ என்றும் பின்னதைச் சுட்ட ‘லாட்டர்’ என்றும் எழுதும் வழக்கம் இந்தப் பழம்பொருளின் எச்சம். ‘முடிந்துபோன’ என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது.

‘எர்ஸ்ட்வைல்’ என்பது ‘மிக முன்னர்’, ‘பொழுது’ என்ற இரு சொற்களின் சேர்க்கை. 16ஆம் நூற்றாண்டில் வினையடையாகவே வழங்கியது. பெயருக்கு முன் அடையாக நிற்பது அதற்கு மிகவும் பிற்காலப் பழக்கம். ‘வைலம்’ அதைவிடப் பழையது: ‘சில பொழுதுகளில்’ என்று தொடங்கி ‘முன்னொரு காலத்தில்’ என்று மாறியது. சாசரின் கேன்டர்பரி கதைகளில் வீரன் சொல்லும் கதை இந்தச் சொல்லோடுதான் ஆரம்பமாகிறது. லத்தீனிலிருந்து வந்த ‘குவொண்டம்’ ஷேக்ஸ்பியர் காலத்தில் தாராளமாகப் புழங்கியது. ‘ஆறாம் ஹென்றி’ மூன்றாம் பாகத்தில், அரியணை இழந்து காட்டில் திரியும் மன்னனை வேட்டைக்காட்டுக் காவலன் இச்சொல்லால்தான் குறிப்பிடுகிறான். ‘ஹாம்லெட்’ நாடகத்தில் கிளாடியஸ், அண்ணியாக இருந்து மனைவியாகிவிட்ட கெர்ட்ரூடைச் சபையினருக்கு அறிமுகப்படுத்தும்போது ‘சம்டைம்’ என்ற அடையைப் பயன்படுத்துகிறான். சங்கடமான ஓர் உறவு மாற்றத்தை அரசவை மொழியில் மெழுகிவிட அந்தச் சொல் அவனுக்கு உதவுகிறது.

‘எக்ஸ்’ கதை தனி. பிற்கால ரோமப் பேரரசில், கான்சல் பதவி வகித்து முடித்தவரைக் கான்சல் நிலையிலிருந்து வந்தவர் என்ற பொருளில் ‘எக்ஸ் கான்சுலே’ என்று எழுதினார்கள். அது ஒரு தகுதிப் பட்டம். பிரெஞ்சு வழக்கின் வழியாக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்தில் பரவியது. பிரான்சில் 1790 ஜூனில் பரம்பரைப் பிரபுப் பட்டங்கள் ஒழிக்கப்பட்டதும், பட்டம் இழந்தவர்களைச் ‘சி-தெவான்’ என்று இகழ்ச்சி தொனிக்க அழைத்தார்கள். அந்தச் சொல்லையும் ஆங்கிலம் சிறிது காலம் கடன் வாங்கி வைத்திருந்தது. கௌரவத்துக்குப் பிறந்த ‘எக்ஸ்’ இன்று மணமுறிவையும் சிறைவாசத்தையும் சுருக்கமாகச் சொல்ல உதவுகிறது. பெயர்ச்சொல்லாகத் தனித்து நிற்கவும் 19ஆம் நூற்றாண்டிலேயே பழகிவிட்டது.

சாக்சானியம், லத்தீன், பிரெஞ்சு என்ற மூன்று அடுக்குகளால் ஆங்கிலத்தில் ஒருபொருட் பன்மொழி பெருகியது என்பது பள்ளிப் பாடம். இங்கேயும் அந்த விளக்கம் பாதிவரை செல்லும். சொற்கள் எப்படி வந்தன என்பதை அது சொல்லும். ‘வைலம்’ செத்து ‘ஃபார்மர்’ பிழைத்தது ஏன் என்பதைச் சொல்லாது.

நடை பார்ப்பவர்கள்

ஃபௌலரின் அளவுகோல் காதும் ரசனையும். ‘வைலம்’, ‘எர்ஸ்ட்வைல்’ இரண்டும் போலிப் பழமை வீசுகின்றன என்று ஒதுக்கினார். ‘லேட்’ என்றால் ஆள் போனாரா, பதவி போனதா என்ற ஐயம் எழுகிறது. ‘எக்ஸ்’ மற்றவற்றை விழுங்கிக்கொண்டு வருகிறது, ஆனால் கூட்டுச்சொற்களின் முன் அது சரியாக உட்காருவதில்லை என்றார். ‘எக்ஸ்-லார்டு மேயர்’ என்று எழுதினால், பிரபுப் பட்டம் இழந்த ஒரு மேயர் என்று படிக்க இடமிருக்கிறது. இந்தச் சிக்கலுக்கு இன்றும் முழுத் தீர்வு இல்லை. சிகாகோ நடைக் கையேடு இத்தகைய இடங்களில் சாதாரண இணைகோட்டுக்குப் பதிலாகச் சற்று நீண்ட கோடு போடச் சொல்கிறது. அந்தக் கோட்டின் நீளத்தைப் பார்த்துப் பொருள் பிரித்துக்கொள்ளும் வாசகர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

இந்த அணுகுமுறையின் வலிமை, சொற்களின் தரத்தையும் வாடையையும் அது கவனிப்பது. அதன் பலவீனம், ஒரு நாட்டின் ஒரு வகுப்பினரின் காதை மொழியின் காதாக எடுத்துக்கொள்வது. ‘எக்ஸ்’ மற்றதையெல்லாம் விழுங்கிவிடவில்லை. இதழ்களில் உடல்வாசகத்துக்கு ‘ஃபார்மர்’, இடம் குறைந்த தலைப்புக்கு ‘எக்ஸ்’ என்று ஒரு வேலைப்பிரிவினை ஏற்பட்டது. பிரிட்டனில் ‘முன்னர்ப் பொறுப்பு வகித்த’ என்று பொருள்படும் ‘சம்டைம்’, அமெரிக்காவில் ‘அவ்வப்போது செய்கிற’ என்ற பொருளுக்கு நகர்ந்தது. ‘சம்டைம் போயட்’ என்ற ஒரே தொடரைப் படித்து, ஒருவரைப் பிரிட்டனில் கவிதையை விட்டவராகவும் அமெரிக்காவில் எப்போதாவது எழுதுபவராகவும் கொள்ள முடியும்.

ஃபௌலர் ஒதுக்கிய ‘எர்ஸ்ட்வைல்’ இந்திய ஆங்கிலத்தில் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறது. 1971இல் 26ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மன்னர்களின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கிய பிறகு, அவர்களையும் அவர்களுடைய சமஸ்தானங்களையும் குறிக்க நாளிதழ்களுக்கு இதுவே வாகான சொல்லாயிற்று. 1948இல் சென்னை மாகாணத்தோடு இணைந்த புதுக்கோட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இன்றும் இயல்பாக இதைத்தான் எடுப்பார். பிரிவினைக்கு முந்தைய ஆந்திரப் பிரதேசத்துக்கும் இதே அடை. இங்கே அது பழமை வீசவில்லை. ஆட்சி வரைபடத்திலிருந்து அகன்ற நிலப்பகுதிக்கான துறைச்சொல்லாகவே மாறிவிட்டது. ‘லேட்’ இன்னும் ஒருபடி மேலே போய், தமிழ்க் கல்யாணப் பத்திரிகைகளில் அடைப்புக்குறிக்குள் பெரியவர்களின் பெயருக்கு முன் தமிழெழுத்திலேயே அச்சாகிறது. ஆள் போனாரா, பதவி போனதா என்று ஃபௌலர் பட்ட கவலை அந்த இடத்தில் யாருக்கும் வருவதில்லை.

பொருள் பிரிப்பவர்கள்

இரண்டாவது மரபு, எந்த இரண்டு சொல்லும் முழுக்க ஒன்றல்ல என்று நம்புவது. ஜார்ஜ் கிராப் 1816இல் வெளியிட்ட ஒருபொருட் சொல் விளக்கம் இதன் முன்னோடிகளில் ஒன்று. இந்த மரபின் வாதத்தைத் தொகுத்தால் இப்படி வரும்: ‘ப்ரீவியஸ்’ ஒரு சங்கிலியில் அடுத்தடுத்து நிற்கும் கண்ணிகளைப் பற்றியது, ‘ஃபார்மர்’ ஒரு நிலை முடிந்ததைப் பற்றியது, ‘ப்ரையர்’ எது முதலில் என்ற முன்னுரிமையைப் பற்றியது. கடைசியதைச் சட்டமும் காப்புரிமைத் துறையும் விரும்புவது அதனால்தான். தமிழில் ‘முந்தைய முதல்வர்’, ‘முன்னாள் முதல்வர்’ இரண்டுக்கும் இடையில் நாம் உணரும் வேறுபாடு முதல் இரண்டுக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும்.

ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டு பிரிட்டனில் டோனி பிளேர் பிரதமர். அவருக்கு ‘ப்ரீவியஸ்’ ஒருவரே: ஜான் மேஜர். ‘ஃபார்மர்’ என்று அப்போது உயிரோடிருந்த நால்வரைச் சொல்லலாம்: ஹீத், கேலஹன், தாட்சர், மேஜர். 1995இல் இறந்த ஹெரால்டு வில்சனுக்கு ‘லேட்’ பொருந்தும். ‘ஃபார்மர்’ என்றும் எழுதத் தடையில்லை. சர்ச்சில்? அவருக்கு இரண்டுமே ஒட்டாது. 1965இல் இறந்தவரை 2000இல் ‘லேட்’ என்றால், செய்தி தாமதமாக வந்ததுபோல் இருக்கும். ‘ஃபார்மர்’ என்றால், அவர் யாரென்று தெரியாதவருக்குச் சொல்வதுபோல் இருக்கும்.

பொருள் பிரிப்பவர்களின் அட்டவணை தடுமாறுவது சர்ச்சிலிடம்தான். அகராதி வரையறைப்படி அவருக்கு இரண்டு அடையும் செல்ல வேண்டும். வழக்கில் ஒன்றும் செல்வதில்லை. அப்படியானால் இந்த அடைகள் ஒரு நிலை முடிந்துவிட்டது என்ற உண்மையோடு, அது முடிந்தது கேட்பவருக்கு இன்னும் சொல்லப்பட வேண்டியிருக்கிறது என்ற குறிப்பையும் சுமக்கின்றன என்று கொள்ளலாம். எல்லாருக்கும் தெரிந்தபின் அடை உதிர்ந்துவிடுகிறது. ட்விட்டர் 2023இல் பெயர் மாறியபோது, ‘எக்ஸ், முன்பு ட்விட்டர்’ என்று நாளிதழ்கள் எழுதத் தொடங்கின. எப்போது நிறுத்துவது என்பதற்கு யாரிடமும் விதியில்லை. பாடகர் பிரின்ஸ் 1993இல் தம் பெயரை உச்சரிக்க முடியாத ஒரு குறியாக மாற்றிக்கொண்டபோது, ‘முன்பு பிரின்ஸ் என அறியப்பட்ட கலைஞர்’ என்ற நீண்ட தொடரே அவருடைய பெயராயிற்று. 2000இல் பழைய பெயருக்குத் திரும்பி அந்த ‘முன்பு’வை அவரே ரத்துசெய்தார்.

தர்க்கம் எடுத்த வழி

1970ஐ ஒட்டி ரிச்சர்ட் மான்டேகு, டெரன்ஸ் பார்சன்ஸ், 1975இல் ஹான்ஸ் காம்ப் ஆகியோர் பெயரடைகளின் தர்க்கத்தை வகுக்க முனைந்தபோது, ‘ஃபார்மர்’ அவர்களுக்குப் பிடித்தமான சோதனைச் சொல்லாயிற்று. காரணம் எளிது. ‘சிவப்பு வீடு’ என்றால் அது சிவப்பாகவும் இருக்கும், வீடாகவும் இருக்கும். ‘திறமையான மருத்துவர்’ எல்லாவற்றிலும் திறமையானவராக இல்லாவிட்டாலும் மருத்துவர்தான். ‘முன்னாள் செனட்டர்’ செனட்டரே அல்ல. பெயரடை என்பது ஒரு பண்பைக் கூட்டிச்சொல்வது என்ற பழைய பாடம் இங்கே உடைகிறது. ஆங்கிலத்தில் இந்த அடையைப் பயனிலையாக வைக்கவும் முடியாது. வீடு சிவப்பாக இருக்கிறது எனலாம், செனட்டர் முன்னாளாக இருக்கிறார் எனக் கூடாது.

ஆகவே அவர்கள் கண்ட வழி, ‘ஃபார்மர்’ ஒரு பண்பின் பெயரன்று, ஒரு பண்பை வாங்கிக்கொண்டு இன்னொரு பண்பைத் தரும் செயலி என்பது. ‘செனட்டர்’ என்பதை வாங்கி, ‘முன்பொரு கணத்தில் செனட்டராக இருந்த’ என்பதைத் தருகிறது. இதில் உடனே ஓர் ஓட்டை தெரியும். இன்று பதவியிலிருக்கும் செனட்டர் நேற்றும் செனட்டராகத்தான் இருந்தார். இந்த வாய்பாட்டின்படி அவரும் முன்னாள் ஆகிவிடுவார். ‘இப்போது இல்லை’ என்ற நிபந்தனையையும் சேர்த்தாக வேண்டும். அதை அடையின் சொந்தப் பொருளாகக் கொள்வதா, பேச்சுச் சூழலில் கேட்பவர் ஊகித்துக்கொள்வதாகக் கொள்வதா என்பதில் முடிவு எட்டப்படவில்லை.

குரோவர் கிளீவ்லாந்து இங்கே பயன்படுவார். 1885 முதல் 1889 வரையும் 1893 முதல் 1897 வரையும் அமெரிக்க அதிபராக இருந்தவர். இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் அவர் ஐயமின்றி முன்னாள் அதிபர். 1895இல்? அவருடைய முதல் ஆட்சிக்காலம் முடிந்துபோனது, அது உண்மை. ஆனாலும் அவரை அப்போது முன்னாள் என்றால் காது ஏற்காது. நிபந்தனையைச் சேர்த்த வாய்பாடு இதைச் சரியாகவே கணிக்கிறது. அதே வேளை, ‘முன்னாள் சாம்பியன் பட்டத்தை மீண்டும் வென்றார்’ என்ற விளையாட்டுச் செய்தியில், வென்ற கணத்திலும் அடை விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1974இல் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்திய முகமது அலியைப் பற்றி அப்படி எழுதுவதில் யாருக்கும் பிழை தெரியாது. செய்தியாளரின் அடை, போட்டி தொடங்குமுன் இருந்த நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று சமாதானம் சொல்லலாம். அது போதுமா என்பது விவாதத்துக்குரியது.

பார்பரா பார்ட்டீ பின்னாளில், ‘போலி’ போன்ற மறுப்பு அடைகளை வேறுவிதமாகப் பார்க்கச் சொன்னார். ஒரு துப்பாக்கி நிஜமா போலியா என்று கேட்கிறோம். அப்படிக் கேட்கும்போதே ‘துப்பாக்கி’ என்ற சொல் இரண்டையும் அடக்குமளவுக்கு விரிந்துகொள்கிறது. ‘ஃபார்மர்’ இந்த விளக்கத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. இந்தச் செனட்டர் நடப்பா முன்னாளா என்று கேட்க முடிந்தாலும், அங்கே விரிவது செனட்டர் என்ற கருத்தா, அல்லது நம் கண் ஓடும் காலப்பரப்பா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

உடைமைச் சொல் சேர்ந்தால் சிக்கல் கூடுகிறது. ரிச்சர்ட் லார்சனும் அவருடைய உடனாசிரியரும் இதைத் தெளிவாகக் காட்டினர்: ‘என் முன்னாள் மாளிகை’ என்றால், இன்னும் மாளிகையாகவே நிற்பதும் ஆனால் என் கைவிட்டுப் போனதுமான கட்டடமாக இருக்கலாம், இன்னும் என்னுடையதே ஆனால் இடிந்து மாளிகை என்ற தகுதியை இழந்ததாகவும் இருக்கலாம். முடிந்தது உறவா, தன்மையா என்று அடை தானாகச் சொல்வதில்லை.

இவ்வளவு நுட்பம் இருந்தும் இந்த மரபு ஃபௌலரின் பட்டியலைத் தொடவே இல்லை. ‘ஃபார்மர்’, ‘எக்ஸ்’, ‘எர்ஸ்ட்வைல்’ மூன்றுக்கும் தர்க்கத்தில் ஒரே வாய்பாடுதான் எழுத முடியும். ‘எக்ஸ்-வைஃப்’ என்பதற்கும் ‘ஃபார்மர் வைஃப்’ என்பதற்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாடு அந்த வாய்பாட்டில் பதிவதில்லை.

பெயர்ச்சொல்லுக்குக் காலம் உண்டா

வினைக்குக் காலம் உண்டு, பெயருக்கு இல்லை என்பது ஆங்கில இலக்கணத்தின் பொது நம்பிக்கை. முர்வெட் எஞ்ச் 1980களில் இதை அசைத்தார். தப்பியோடியவர்கள் இப்போது சிறையில் இருக்கிறார்கள் என்று சொல்லும்போது, சிறையில் இருக்கும் நேரமும் தப்பியோடிய நேரமும் வேறு. பெயர்ச்சொல் தனக்கென ஒரு காலத்தை ஓசையின்றி வைத்திருக்கிறது. அந்தக் காலத்தை வெளிப்படையாக்க ஆங்கிலத்துக்கு உருபு இல்லாததால்தான் இத்தனை அடைச்சொற்கள் அந்த வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பது இதிலிருந்து எடுக்கத்தக்க ஒரு கருதுகோள்.

பராகுவாயில் பேசப்படும் குவாரானி மொழியில் பெயரோடு ‘-குவே’ என்ற ஒட்டைச் சேர்த்தால் ‘முன்னாள்’ என்ற பொருள் வரும். ரேச்சல் நோர்ட்லிங்கரும் லூயிசா சாட்லரும் 2004இல் இத்தகைய மொழிகளைத் தொகுத்து, பெயருக்கும் காலம் உண்டு என்று வாதிட்டார்கள். ஜூடித் டொன்ஹவுசர் 2007இல் குவாரானியை நெருங்கி ஆராய்ந்து, ‘-குவே’ வினைக்காலம் போல நடப்பதில்லை, ஒரு நிலை மாறியதைக் குறிப்பதே அதன் வேலை என்று மறுத்தார். அவர் சொன்னது சரியென்றால், ஆங்கில அடைகளை இல்லாத உருபுக்கு மாற்றாகப் பார்க்கும் கருதுகோளும் தளர்கிறது. உருபு உள்ள மொழியிலேயே அது காலத்தைக் குறிக்கவில்லையே.

முடிந்ததை யார் அறிவிப்பது

சமூகவியலிலிருந்து வந்த பார்வை மொழியைப் பற்றியதாகத் தொடங்கவில்லை. ஹெலன் ரோஸ் ஃபூக்ஸ் ஈபா 1988இல் எழுதிய நூல், ஒரு பாத்திரத்தை விட்டு வெளியேறியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பற்றியது. துறவு மடத்தை விட்டு வந்தவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், குடியை நிறுத்தியவர்கள் முதலியோரை ஆராய்ந்து, ‘எக்ஸ்’ என்பதே தனி அடையாளம் என்று அவர் காட்டினார். விட்டுவந்தது விடாமல் தொடர்கிறது. அவரும் ஒரு காலத்தில் கன்னியாஸ்திரியாக இருந்தவர்தான். அமெரிக்கக் கடற்படைத் தரைவீரர்கள் தம்மை ‘எக்ஸ்’ என்று அழைத்தால் முகம் சுளிப்பார்கள். ஒருமுறை சேர்ந்தால் என்றும் அவர்தான் என்பது அப்படையின் கொள்கை. குடிநோய் மீட்புக் குழுக்களில் முன்னாள் குடிநோயாளி என்று சொல்லிக்கொள்வதைத் தவிர்ப்பதும் இதே தர்க்கம், எதிர்த்திசையில்.

நெடிய படிநிலைகள் உள்ள நிறுவனங்கள் முடிவையே பட்டமாக மாற்றிவிடும். பணிக்காலத்தை முழுதாக முடித்த ரோமப் படைவீரனைக் குறித்த சொல் ‘எமெரிட்டஸ்’. பதினாறாம் பெனடிக்ட் 2013 பிப்ரவரி 28இல் பதவி விலகியபோது, அவர் இனி முன்னாள் போப் என்றில்லாமல் ‘போப் எமெரிட்டஸ்’ என்று அழைக்கப்படுவார் என்று வத்திக்கான் அறிவித்தது.

இந்தத் தரப்புக்கு மிக வலுவான சான்று அரசதந்திரத்தில் கிடைக்கிறது. யூகோஸ்லாவியா சிதறியபின் ஸ்கோப்யேவைத் தலைநகராகக் கொண்ட குடியரசு, மாசிடோனியா என்ற பெயரோடு ஐக்கிய நாடுகள் அவையில் சேர விரும்பியது. கிரீஸ் எதிர்த்தது. 1993 ஏப்ரலில் ஒரு தற்காலிகக் குறிப்பீட்டோடு சேர்த்துக்கொண்டார்கள்: ‘தி ஃபார்மர் யூகோஸ்லாவ் ரிபப்ளிக் ஆஃப் மாசிடோனியா’. இதில் முன்னாளானது எது? குடியரசா, யூகோஸ்லாவியத் தன்மையா? நாடு நடப்பில்தான் இருந்தது. அகர வரிசையில் ‘எம்’மும் வேண்டாம், ‘எஃப்’பும் வேண்டாம் என்று, தொடக்கச் சுட்டான ‘தி’யின் முதலெழுத்தைக் கொண்டு அதற்குத் தாய்லாந்தின் அருகில் இருக்கை போட்டார்கள். 2018 ஜூன் 17இல் பிரெஸ்பா உடன்பாடு கையெழுத்தாகி, 2019 பிப்ரவரியில் வட மாசிடோனியா என்ற பெயர் நடைமுறைக்கு வரும்வரை, ஓர் அடைமொழி கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு நாட்டின் பெயர்ப் பலகையில் தொங்கியது.

சமூகவியல் பார்வையின் வரம்பும் இங்கேயே தெரிகிறது. மனிதர்க்கும் நாடுகளுக்கும் அது பொருந்துகிறது. முந்தைய பதிப்பு, முந்தைய இரவு, முந்தைய முயற்சி இவற்றுக்கு மனக்குறையும் கௌரவமும் இல்லை. ‘ப்ரீவியஸ்’ குடும்பத்தை அது விளக்குவதில்லை.

இன்னும் தீராதவை

இதுவரை வந்த விடைகளில், ‘ஃபார்மர்’ ஒரு செயலி என்ற தர்க்கவியல் முடிவே உறுதியானதாகத் தெரிகிறது. அதன் ‘இப்போது இல்லை’ என்ற பகுதி மட்டும் ஐயத்தில் நிற்கிறது. சொற்கள் ஏன் பல என்ற கேள்விக்கு, காலத்தின் அளவுகளைப் பிரிக்கவே அவை பிறந்தன என்ற விடையைவிட, முடிந்தது எது (பதவியா, உயிரா, உறவா, பெயரா, நிலப்பகுதியா), முடிந்ததாக யார் சொல்கிறார் என்பவற்றைப் பிரிக்கவே அவை நிலைத்தன என்ற விடை சான்றுகளுக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் இது ‘வைலம்’ மறைந்ததையோ, ‘எர்ஸ்ட்வைல்’ ஒரு நாட்டில் முதிர்ந்து மற்றொன்றில் கேலிச்சொல்லானதையோ முன்கூட்டிச் சொல்லக்கூடிய கொள்கை அன்று.

அடை எப்போது உதிர்கிறது என்பது ஏறக்குறைய ஆராயப்படாத பகுதி. இறந்தவருக்கு ‘லேட்’ எத்தனை ஆண்டு செல்லும் என்பதற்கு நடைக் கையேடுகள் தோராயமான அறிவுரைகளே தருகின்றன. பெரிய நாளிதழ்த் தொகுப்புகளில் ஒரே ஆளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தால் விடைக்கு ஓரளவு நெருங்கலாம். அழிந்துபோன நாடுகளுக்கு ‘ஃபார்மர்’ இடுவதும் தெளிவாகவில்லை: சோவியத் யூனியனே இல்லாதபோது ‘முன்னாள் சோவியத் யூனியன்’ எதைச் சுட்டுகிறது, நிலத்தையா, மக்களையா, நினைவையா? அடை ஏற்கும் பொருள் ஏதோ ஒரு வடிவில் இன்னும் இருந்தாக வேண்டும் என்று டொன்ஹவுசர் குவாரானிக்குச் சொன்னது ஆங்கிலத்துக்கும் செல்லுமானால், இந்தத் தொடரில் அந்த இருப்பு எங்கே என்று காட்ட வேண்டிய பொறுப்பு தர்க்கவியலாளர்களுடையது.